எரியாத நாலாவது லைட்

ஆகஸ்ட் 4, 2025. திங்கள்.

சனிக்கிழமை எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அழகேசன் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தேன். இன்று மறுபடி எண்ணினேன். நாற்பதுதான். ஒன்றில் பேசுவது பாபு. அழகேசனின் போனைப் பிடுங்கி, "கவி, இவன் மொபைல்ல சார்ஜு இல்ல, மூளையிலயும் இல்ல" என்று சொல்லிச் சிரிக்கிறான். திருத்திவிட்டேன்.

வேலை முடிந்து போகும் மாலை எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் லேப் ரெக்கார்டு எழுதும்போது தவறான அளவை அழிக்கக்கூடாது. மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். இந்த நோட்டிலும் அப்படித்தான் செய்து வருகிறேன். ஆனால் ஒரு பெரிய தவறு இந்த நோட்டில் ஒரு வருடமாக இல்லவே இல்லை. கோடு போடுவதற்காவது அதை எழுத வேண்டுமல்லவா. இன்று எழுதுகிறேன்.

சென்ற வருடம் இதே தேதி, ஆடி ஞாயிறு. எங்கள் பேண்டின் பெயர் 'ஞாயிறு ஷிப்ட்'. அழகேசன் பாட்டும் கிடாரும். ஜெபா டிரம்ஸ். பாபு பேஸ். நான் பாடுவதில்லை, எதையும் வாசிப்பதும் இல்லை. வயர், மைக், ரெக்கார்டர் மூன்றும் என் பொறுப்பு. ஜெபா வேலை செய்யும் லேத் பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், சாவி அவனிடம் இருக்கும். மெஷின்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டு நடுவில் இடம் பண்ணிக்கொள்வோம். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினோம். சத்தம் வெளியே போவது நிற்கவில்லை, எறும்பு உள்ளே வருவது ஆரம்பித்தது. எங்கள் பாட்டை வெளியிட யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். அதனால் நாங்களே மெமரி கார்டில் ஏற்றி, அட்டைப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து மடித்து, ஆவடி ரூட் ஷேர் ஆட்டோக்காரர்களுக்குச் சும்மா கொடுப்போம். அழகேசன் அதை "நம்ம வேர்ல்டு டூரு" என்பான்.

முதல் மூன்று பாட்டும் போனில் பிடித்தவை. கத்தல்தான் கேட்கும், வார்த்தை கேட்காது. நாலாவது பாட்டு, கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டைப் பற்றியது. அதை ஒழுங்காக எடுக்க ஒரு செகண்ட் ஹேண்ட் ரெக்கார்டர் வாங்கினோம். அதில் நான்கு வயர் சொருகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை லைட். சத்தம் உள்ளே வந்தால் மினுக்கும். நாலாவது லைட் வாங்கும்போதே எரியவில்லை. லைட்தான் போயிருக்கிறது, மற்றபடி வேலை செய்யும் என்று சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினோம்.

அந்த ஞாயிறு ரெக்கார்டிங்கில் முதல் இரண்டும் டிரம்ஸ் மைக். மூன்றாவது பேஸ். நாலாவது அழகேசன் குரல்; இந்தப் பாட்டுக்குக் கிடார் இல்லை. அவன் மைக் முதலில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னொரு வயர் ரெக்கார்டருக்கு வரவேண்டும். அந்த வயரை நான் சொருகவில்லை. அது புதியது, வகுப்பில் நானே சால்டர் வைத்தது, பாடி முடிக்கும்வரை என் பையிலேயே இருந்தது. ஸ்பீக்கரில் அவன் குரல் ஷெட் முழுக்க அதிர்ந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலாவது லைட் இருட்டாக இருந்தது. அது என்றைக்கும் இருட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, சென்னீர்குப்பம் அருகே ஹைவேயில், அழகேசனின் பைக் மேல் கன்டெய்னர் லாரி ஏறியது.

அவன் பாடிய ஒரே நல்ல டேக் என்னிடம் இருப்பதாக எல்லாரும் நம்புகிறார்கள். மிக்சிங் நடக்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லி வருகிறேன். போன வாரம்கூட ஜெபா கேட்டான்: "இன்னா கவி, மிக்சிங்கு மிக்சிங்குன்ற? கிரைண்டர்ல போட்டிருந்தா இந்நேரம் இட்லியே துன்னிருக்கலாம்."

அழகேசனின் அம்மா அஞ்சலை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறார். பதினைந்து நாள் முன்பு என் கம்பெனி கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பதிமூணாம் தேதி வருசம் திரும்புது பாப்பா. போட்டோ முன்னால வெக்கணும். அந்த டமடம சத்தம் எல்லாம் வாணாம். என் புள்ள தொண்ட மட்டும் குடு."

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இது காரணம் ஆகாது என்பது தெரிகிறது.

ஆகஸ்ட் 6. புதன்.

அவன் குரல் முற்றிலும் இல்லை என்று எழுதினால் அதுவும் தவறு. டிரம்ஸ் மைக் இரண்டிலும் பின்னால் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, தகரக் கூரையில் பட்டு, முட்டை அட்டையில் பட்டு, கடைசியாக மைக்குக்கு வந்த குரல். ஜெபாவின் அடிகளுக்கு நடுவே, ஷெட்டின் பின்சுவரை ஒட்டி யாரோ நின்று பாடுவது போல. டிரம்ஸைக் குறைத்தால் அவனும் குறைகிறான். அவனை ஏற்றினால் டிரம்ஸும் ஏறுகிறது, கூடவே மேனாம்பேடு அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரும் ஏறுகிறது. குரலைத் தனியே பிரிக்கும் ஆப் மூன்றில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து ஒருவன் வாயைத் திறந்து மூடுவது போல வந்தது.

அதனால் இன்று வேறொன்று செய்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

குரலை நகல் எடுக்கும் ஒரு ஆப் இருக்கிறது. ஒருவர் பேசியதைக் கொடுத்தால் அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு நாம் பாடினால் அவர் பாடியதாக மாற்றித் தரும். நாற்பது மெசேஜ்களையும் கொடுத்தேன். "பஸ்சு வரல", "சால்டரிங் ராடு எங்க வச்ச", "கவி, மழை வருது, மைக்க எடுத்து உள்ள வை" எல்லாவற்றையும். வீட்டில் அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை நான் பாடினேன். பள்ளிப் பிரேயருக்குப் பிறகு முதல் முறை. கேட்க நன்றாக இல்லை. பிறகு பொத்தானை அழுத்தினேன்.

இருபது நிமிடம் ஆனது.

*உள்ள வந்த டைம் எழுதிக்கினேன்,
வெளிய போன டைம் எழுதலியே.
கேட்டாண்ட நிக்கிற அண்ணாத்தே,
என் பேரு நோட்டுல கீதான்னு பாரு.*

அவன்தான். அவன் மூக்கடைத்த 'ன்', அவன் கரகரப்பு. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பயம்தான் வந்தது. ஏனென்றால் அவன் என்னைப் போலப் பாடினான். நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டான். இரண்டாவது சரணத்துக்கு முன் எனக்கு ஒரு இருமல் வந்திருந்தது. அவன் இருமினான்.

கடைசியில் ஒன்று. நான் பாடி முடித்ததும், ரெக்கார்டிங்கை நிறுத்தும் முன், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அதையும் ஆப் குரல் என்று எடுத்துக்கொண்டு அழகேசனாக மாற்றிவிட்டது. பாட்டு முடிந்த பிறகு, அவன் குரலில், மெல்லிசாக, நீளமாக ஒரு ஊளை. எங்கிருந்தோ கூப்பிடுவது போல இருந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்தேன். அழிக்க முடியவில்லை. தனி ஃபைலாக வைத்திருக்கிறேன். பெயர் வைக்கவில்லை.

இதை அஞ்சலை அம்மாவிடம் கொடுத்தால் யாருக்கும் தெரியாது என்று இன்று நான்கு முறை நினைத்தேன்.

ஆகஸ்ட் 10. ஞாயிறு.

கொடுத்துவிட்டேன்.

மேனாம்பேட்டில் ஆடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை அம்மா வாசல் குழாயடியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தார். நான் போனில் போட்டுக் காதருகே பிடித்தேன். கையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டார். விரல் நுனியிலிருந்து தண்ணீர் புடவையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எம்மாம் நல்லா பாடிக்கீறான்! ஊட்டுல பாடுனா கத்தாதடா நாயேன்னு வெரட்டுவேன்" என்றார். பிறகு, "இன்னொரு வாட்டி போடு."

ஏழு முறை போட்டேன். ஆறாவது முறை இருமல் வந்த இடத்தில் என் கையைப் பிடித்தார். "இருமறான் பாரு. அன்னிக்கே சளி புடிச்சிக்கீது. என்னாண்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா கஷாயம் வெச்சிக் குடுத்திருப்பேன்ல?"

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் எதிர்வீட்டு துலுக்கானம் வந்துவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், ஐம்பது வயது, எங்கள் பழைய மெமரி கார்டை இன்னும் வைத்திருப்பவர். "நம்ம அழகு பாட்டா? எனக்கும் உடு பாப்பா. ஆவடி வரைக்கும் கேக்கட்டும்" என்று தன் போனை நீட்டினார். அஞ்சலை அம்மா முகத்தைப் பார்த்தேன். இருவர் போனுக்கும் அனுப்பினேன்.

மதியம் மூன்று மணிக்குப் பட்டறை. ஜெபா மட்டும் இருந்தான். பாபுவுக்கு மொபைல் கடையில் இன்று டியூட்டி. அழகேசன் போன பிறகு யாரும் வாசிப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபா வந்து டிரம்ஸைத் துடைத்துவிட்டுப் போவான். துலுக்கானம் அவனுக்கும் அனுப்பியிருந்தார். போனை லேத் மேல் வைத்துப் போட்டு, ஸ்பானரால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். முகம் பூத்திருந்தது.

"கவி, சூப்பர்! ஒரு வருசம் ஆனாலும்..."

பாதியில் ஸ்பானர் நின்றது. மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டான். தட்டினான். அதே இடத்தில் நின்றது.

"இது யாரு?"

"அழகேசன்."

"ஏ, என்னாண்டயேவா? ரெண்டு வருசம் அவனுக்குப் பின்னால குந்திக்கினு அடிச்சிக்கீறேன். 'வெளிய போன' வந்தா அவனுக்கு மூச்சு பத்தாது. லேட்டாத்தான் வருவான். அவனுக்காவ நான் கைய இழுத்துப் புடிச்சிக்கினு நிப்பேன், மாமே வாடா வாடான்னு. இவன் கரீட்டா வர்றான். கரீட்டா வந்தா அது அழகேசன் இல்ல."

பொய் சொல்ல என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. வயர், லைட், ஆப், குக்கர் விசில் வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "ஒரிஜினல் போடு" என்றான்.

முதல் டிரம்ஸ் மைக்கில் பதிந்ததைப் போட்டேன். பாட்டு தொடங்கும் முன் சில நொடிகள் சும்மா ஓடும். பாபு பேஸ் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிறான். தூரத்தில் அழகேசன்: "கவி, ரெக்கார்டு ஆவுதா?" உடனே மிக அருகில், தெளிவாக, என் குரல்: "ஆவுது." டிரம்ஸ் மைக் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த ரெக்கார்டிங்கிலேயே சுத்தமாக விழுந்திருக்கும் ஒரே மனிதக் குரல் அது.

பிறகு ஜெபாவின் டிரம்ஸ் இறங்கியது. அடிக்கு நடுவே அழகேசன் வந்து வந்து மறைந்தான். ஒவ்வொரு வரியும் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு அடி விழுந்து அவன் வார்த்தையை மூடியது. ஜெபா முழுவதும் கேட்டான். தார்ப்பாய் மூடிய மெஷின்கள் நடுவே அவன் இருமுறை பின்சுவரைத் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"நான் இவ்ளோ சத்தமாவா அடிச்சேன்?" என்றான்.

"தப்பு என்னோடது, ஜெபா."

"கொஞ்சம் மெதுவா அடிச்சிருந்தா அவன் கேட்டிருப்பான்ல?"

என்ன பதில் சொன்னாலும் பொய்யாகிவிடும் போலிருந்தது. மெஷின் மேல் தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்தேன். பட்டறையைப் பூட்டும்போது ஜெபா சொன்னான்: "பதிமூணாம் தேதிக்குள்ள அவங்க அம்மாவாண்ட நீ சொல்ற. நான் சொன்னா அது கோள் மூட்டுறது. நீ சொல்லணும்."

ஆகஸ்ட் 11. திங்கள்.

சொல்லவில்லை.

காலை வேலைக்குப் போக அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். துலுக்கானத்தின் வண்டி அல்ல, வேறு யாரோ. ஏறி உட்கார்ந்ததும் பின் ஸ்பீக்கரிலிருந்து அழகேசன் பாடினான். காதுக்குப் பக்கத்தில். என் மூச்சில்.

பக்கத்திலிருந்த அம்மாள், "யாரு பாட்டுப்பா இது?" என்று கேட்டார்.

"நம்ம ஏரியா பையன்க்கா, போய்ட்டான்" என்றார் டிரைவர். "பாவம், வாய்ஸ் பாத்தியா, அப்படியே நிக்குது."

அந்த அம்மாள் உச்சுக்கொட்டினார். எதிரே இருந்த கம்பெனி யூனிஃபார்ம் பெண், பாட்டு இரண்டாவது முறை வந்தபோது, கூடவே முணுமுணுத்தாள். அவளும் நான் மூச்சு விட்ட இடத்திலேயே மூச்சு விட்டாள். இரண்டு ஸ்டாப்பிங் முன்பே இறங்கி நடந்தேன்.

பீஸ்களை அளந்து எழுதும் என் வேலையில் இன்று பதினோரு பீஸுக்கு அளவு தவறாக எழுதினேன். சூப்பர்வைசர் திருப்பி அனுப்பினார். மாலை வகுப்பில் சார் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, யாரோ என் பின் பெஞ்சில் மூக்கடைத்த குரலில் "மைக்க எடுத்து உள்ள வை" என்றார்கள். திரும்பினேன். பின் பெஞ்சில் யாரும் இல்லை. எனக்குத் தூக்கம் போதவில்லை, அதனால்தான் என்று எழுதுகிறேன். சரியான காரணமா என்று தெரியவில்லை.

பெயர் வைக்காத அந்த ஃபைலை இன்று இரண்டு முறை கேட்டேன். எதற்கு என்றால் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12. செவ்வாய்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. கேன்டீன் விட்டு அஞ்சலை அம்மா வரும் நேரத்துக்கு, ஐந்தரை மணிக்கு, மேனாம்பேடு போனேன். ஜெபாவும் வந்தான். வாசலுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டான். "நான் உள்ள வர்ல. நீ போ."

வீட்டில் போட்டோவைத் துடைத்து, சந்தனம் வைத்து, பெஞ்சு மேல் வைத்திருந்தார்கள். நாளைக்கு நூம்பலில் இருந்து அவருடைய அண்ணன் குடும்பம் வருகிறது, பாட்டு கேட்க ஒரு புது ஸ்பீக்கர்கூட வாங்கியிருக்கிறார், ப்ளூடூத். பெட்டியைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். "இத்த எப்புடி போடறதுன்னு சொல்லிக் குடு பாப்பா."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். வார்த்தைகளை நேற்றே எழுதி வைத்திருந்தேன், எதுவும் நினைவில் இல்லை. வயரைச் சொருக மறந்தேன் என்றேன். அவன் கேட்டபோது ஆவுது என்று சொன்னேன் என்றேன். ஒரு வருடம் மறைத்தேன் என்றேன்.

அவர் திரும்பிப் பெஞ்சு மேலிருந்த போட்டோவைப் பார்த்தார்.

"அப்ப அந்த ரெக்கார்டு பெட்டில என் புள்ள இல்லியா?"

"இருக்கான்மா. பின்னால. டிரம்ஸுக்குப் பின்னால."

"போடு."

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டிரம்ஸ் வந்ததும் முகத்தைச் சுளித்தார். பிறகு கழுத்தை முன்னால் நீட்டி, கூட்டத்தில் ஆளைத் தேடுவது போலத் தேடினார். ஓரிடத்தில், "தோ" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "தோ." முடிந்ததும் சொன்னார்: "தெருக்கோடில நின்னு கூப்புடற மாதிரி கீது."

"ஆமாம்மா."

"அப்ப அன்னிக்கிக் குடுத்தியே, அது யாரு?"

"குரல் மட்டும் அவனோடது மாதிரி. மெஷின் செஞ்சது. பாடினது நான்."

அவர் என்னை முதல் முறை பார்ப்பது போலப் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் போனை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அழி."

அழித்தேன். நடுவில் போன் ஒருமுறை நழுவிக் கீழே விழுந்தது.

"துலுக்கானத்தாண்டயும் சொல்லு."

"சொன்னேன்மா, வர்ற வழியிலேயே. அவர் ஆறு வண்டிக்குக் குடுத்துட்டாராம். அவங்க யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு தெரியல."

"அப்ப அது சுத்திக்கினேதான் இருக்குமா?"

"ஆமாம்மா."

வாசல் பக்கம் பார்த்தார். தெருவில் ஒரு ஆட்டோ போனது, அதில் வேறு ஏதோ பாட்டு. அது தாண்டிப் போகும்வரை இருவரும் கேட்டோம்.

"நாளைக்கி ஜனம் வருது" என்றார். "என் புள்ள பாட்டு வெக்கிறேன்னு எல்லாராண்டயும் சொல்லிக்கீறேன். நீ வந்து பாடு."

"எனக்குப் பாட வராதும்மா."

"என் புள்ள தொண்டைய எடுத்துப் போட்டுக்கினு பாட வந்துச்சே? உன் தொண்டையில பாடு. அவன மாதிரி பாடாத. மைக்கு கியிக்கு எதுவும் வாணாம்."

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டு, அடுப்பங்கரைக்குப் போனார். நான் வரும்போதெல்லாம் தரும் டீயை இன்று தரவில்லை. மன்னித்தாரா என்று இங்கே எழுத எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

வெளியே வந்து ஜெபாவிடம் சொன்னேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். "பாடுவியா?" என்றான்.

"தெரியல. குரல் நடுங்கும்."

"நடுங்கட்டும். நான் பெஞ்சுல கையால தட்டுறேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "மெதுவா" என்றான்.

வீட்டுக்கு வந்து முழுப் பாட்டையும் பேப்பரில் எழுதினேன். மூன்று சரணம். மூன்றாவது சரணத்தின் இரண்டாவது வரி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ரெக்கார்டிங்கில் அங்கே டிரம்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பாபுவிடம் கேட்டேன், அவனுக்கும் நினைவில்லை. அந்த வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஆப்பில் பாடியபோது அங்கே நானாக ஏதோ போட்டு நிரப்பினேன். நாளை அதைப் பாடக்கூடாது.

நாளை, ஆகஸ்ட் 13, புதன்: அரை நாள் லீவு சொல்ல வேண்டும். எட்டரைக்கு ஓ.டி.யில் ஜெபா நிற்பான். ஒன்பது மணிக்கு மேனாம்பேடு, அஞ்சலை அம்மா வீடு. தெரியாத வரி வரும்போது அதன் அளவுக்குச் சும்மா நின்றுவிட்டு, மீதியைப் பாட வேண்டும்.